மனு போட்டுவிட்டு விமானம் ஏறலாமா?

கேள்வி: நான் மலேசியப் பிரஜை. பிறந்தது கிள்ளானில். கணவர் திருவொற்றியூர் காலடிப்பேட்டைக்காரர், இந்தியக் குடிமகன். 2016-இல் வடிவுடையம்மன் கோயிலில் திருமணம் முடிந்தது, அதே மாதம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்துவிட்டோம். 2017 மார்ச் முதல் என்ட்ரி விசாவில் இங்கேதான் குடித்தனம். 2020 மார்ச் 15 அன்று அப்பாவைப் பார்க்கப் போனவள் கொரோனாவால் அங்கேயே மாட்டிக்கொண்டு 2021 மார்ச் 31-ஆம் தேதிதான் திரும்பினேன். அதற்கு முன் 2018-லும் 2019-லும் சேர்த்து 40 நாள், பிறகு 2023-இல் 30 நாள் ஊருக்குப் போயிருக்கிறேன். கடைசியாகத் தம்பி கல்யாணத்துக்காக 2025 அக்டோபர் 27 அன்று போய் நவம்பர் 20 அன்று வந்தேன். இந்தியக் குடியுரிமைக்கு மனுச் செய்ய நினைக்கும் நேரத்தில், கோலாலம்பூரில் நான் முன்பு கணக்கராக இருந்த நிறுவனம் 18 மாத ஒப்பந்தத்துக்குக் கூப்பிடுகிறது. 2026 செப்டம்பர் 1 அன்று சேர வேண்டும். "மனுவைப் போட்டுவிட்டுப் போ, கூப்பிடும்போது வந்து கையெழுத்துப் போட்டால் போதும்" என்கிறார் நாத்தனார். அப்படிச் செய்யலாமா ஐயா?

பதில்: செய்யாதீர்கள் சகோதரி. மனுப் போட்டபின் இந்தியாவை விட்டு வெளியே போகவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. அந்த அளவில் நாத்தனார் சொல்வதில் தப்பில்லை. ஆனால் உங்கள் கணக்கில் செப்டம்பருக்கு முன் மனுப் போட்டால் ஒரு சிக்கல், போட்டுவிட்டு 18 மாதம் போனால் அதைவிடப் பெரிய சிக்கல்.

இந்தியக் குடிமகனை மணந்தவர் பதிவு மூலம் குடியுரிமை பெறுவது 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(சி) பிரிவில் வருகிறது. "ஏழு வருஷம் இருந்தால் போதும்" என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த ஏழு வருஷத்தை எப்படி எண்ணுவது என்பதைப் பிரிவின் விளக்கம் இரண்டு துண்டாக வைத்திருக்கிறது. மனுப் போடும் நாளுக்கு முந்தைய 12 மாதம் முழுக்க இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். அந்த 12 மாதத்துக்கும் முந்தைய 8 ஆண்டில் குறைந்தது 6 ஆண்டு இருந்திருக்க வேண்டும். அதாவது 8 ஆண்டுக்குள் ஏறக்குறைய 730 நாள் வெளியே இருந்தது மன்னிக்கப்படும். கடைசி 12 மாதத்தில் தானாகக் கிடைக்கும் சலுகை ஒரு நாள்கூட இல்லை. பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ஒன்பது வருஷமாக இங்கே இருக்கிறோம், மூன்று வாரம் ஊருக்குப் போனதா கணக்கு என்று நினைத்துவிடுகிறார்கள்.

உங்கள் தம்பி கல்யாணப் பயணம் அந்த 12 மாதத்துக்குள்தான் விழுகிறது. கிளம்பிய நாளும் வந்த நாளும் வெளியே இருந்த நாளா, உள்ளே இருந்த நாளா என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. இரண்டையும் வெளியே என்றே எண்ணிவிடுங்கள், பிறகு யாரும் கேள்வி கேட்க முடியாது. அப்படி எண்ணினால் 25 நாள். ஆக, 2026 நவம்பர் 21-க்கு முன் எந்தத் தேதியில் மனுப் போட்டாலும் 12 மாதத்தில் ஓட்டை இருக்கும். ஒப்பந்தமோ செப்டம்பர் 1 என்கிறது.

ஓட்டையை அடைக்க ஒரு வழி உண்டு. 2015 திருத்தத்தில் வந்த 5(1ஏ) உட்பிரிவின்படி, விசேஷக் காரணம் இருப்பதாக மத்திய அரசுக்குத் திருப்தி ஏற்பட்டால், அதை எழுத்தில் பதிந்து, 12 மாதத்தில் 30 நாள் வரை தளர்த்தலாம். பல தடவையாகப் போயிருந்தாலும் எல்லா நாளும் சேர்த்து 30. உங்கள் 25 அதற்குள் அடங்குகிறதே என்று தோன்றும். ஆனால் இது கேட்டுப் பெறும் சலுகை, உரிமை இல்லை. தகப்பனார் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரி வைத்து வாதாடலாம். தம்பி கல்யாணத்தை விசேஷக் காரணம் என்று ஏற்றுக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் மனுவை இறக்க நான் சொல்ல மாட்டேன். நவம்பர் 21 வரை பொறுத்தால் அந்தக் கேள்வியே எழாது.

8 ஆண்டுப் பகுதியில் உங்களுக்குக் கவலை இல்லை. 2026 நவம்பர் 21 அன்று மனு என்றால் எண்ண வேண்டியது 2017 நவம்பர் 21 முதல் 2025 நவம்பர் 20 வரை. கொரோனா காலம் 382 நாள், நடுவில் போன பயணங்கள் 70, கல்யாணம் 25, மொத்தம் 477. இன்னும் 250 நாளுக்கு மேல் மிச்சம் இருக்கிறது.

இப்போது ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டு போனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். 2028 மார்ச் 1 அன்று திரும்பி வந்து, 12 மாதம் அசையாமல் இருந்து, 2029 மார்ச் 1 அன்று மனுப் போடுகிறீர்கள் என்று வையுங்கள். எண்ண வேண்டிய 8 ஆண்டுச் சாளரம் 2020 மார்ச் 1-இல் தொடங்குகிறது. கொரோனா 382 நாள் முழுசாக உள்ளே. 2023-இன் 30, கல்யாணத்தின் 25, ஒப்பந்தத்தின் 547. கூட்டினால் 984. அனுமதி 730 தான். தள்ளுபடி. கொரோனா நாள்களில் 254 நாள் சாளரத்தை விட்டு வெளியே நழுவும் வரை காத்திருக்க வேண்டும். அது 2029 நவம்பர் கடைசி. அதுவரை கிள்ளானுக்கு ஒரு வாரம் போனாலும் அந்தத் தேதி இன்னும் தள்ளும், கடைசி 12 மாதத்தில் போனால் மறுபடி முதலிலிருந்து. பதினெட்டு மாத வேலை மனுவை மூன்று வருஷம் தள்ளுகிறது என்றால் கேட்பவர்களுக்கு நம்பச் சிரமமாக இருக்கும். கொரோனாவும் ஒப்பந்தமும் ஒரே சாளரத்தில் மாட்டுவதுதான் காரணம்.

இந்த நாள்களை எல்லாம் மனதிலிருந்து எழுதாதீர்கள். உங்கள் பாஸ்போர்ட்டுகளை எடுத்து மேசையில் வையுங்கள். அப்போது மலேசியப் பாஸ்போர்ட் 5 ஆண்டுக்குத்தான் தந்தார்கள் என்பதால் 2017-இல் வந்தபோது இருந்தது இப்போது கையில் இருப்பதாக இருக்காது. பழையதையும் சேர்த்துத் தேடுங்கள், விசாவும் ஆரம்பகால முத்திரைகளும் அதில்தான் இருக்கும். சொந்தக் குடிமக்கள் மலேசியாவில் ஆட்டோகேட் என்ற தானியங்கி வாயில் வழியாகப் போவதால் அங்கே முத்திரை விழாது. ஆகவே சென்னை விமான நிலையத்தில் குத்திய வருகை, புறப்பாடு முத்திரைகள்தான் உங்கள் சாட்சி. ராத்திரி விமானத்தில் கவனம் தேவை. டிக்கெட்டில் 27 என்று இருக்கும், குடிநுழைவு கவுன்டரைத் தாண்டும்போது மணி பன்னிரண்டுக்கு முன்பாக இருந்தால் முத்திரை 26 என்று விழுந்திருக்கும். மனுவில் முத்திரைத் தேதியை எழுதுங்கள். டிக்கெட் தேதியை எழுதி, அரசின் பதிவில் வேறு தேதி இருந்தால், தெரியாமல் எழுதியதா தெரிந்தே எழுதியதா என்று விளக்கம் சொல்ல வேண்டிவரும். தெரிந்தே பொய்த் தகவல் தந்தால் 17-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறையோ 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ.

மனு எப்படி நகரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாத்தனார் யோசனை ஏன் ஆகாது என்பது அப்போது தெரியும். உள்துறை அமைச்சகத்தின் குடியுரிமை இணையதளத்தில் படிவம் 3-ஐ நிரப்பி, அச்செடுத்து, ஆவணங்களோடு ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தர வேண்டும். அங்கிருந்து விசாரணைக்குக் கீழே இறங்கும். ஒரு பக்கம் திருவொற்றியூர் வட்டாட்சியர் அலுவலகம், இன்னொரு பக்கம் காவல் துறை. வீட்டுக்கு வருவார்கள். அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். "இந்தம்மாவா, மலேசியாவுக்கு வேலைக்குப் போயி ஆறு மாசம் ஆகுதே" என்று கீழ் வீட்டுக்காரர் உள்ளதைத்தான் சொல்வார். அறிக்கையில் "மனுதாரர் மேற்படி முகவரியில் வசிக்கவில்லை" என்று ஒரு வரி ஏறிவிடும். அந்த வரி மாநில அரசு வழியாக டெல்லி வரை போகும். எண்ணிக்கைப்படி 12 மாதம் மனுப் போட்ட அன்றோடு முடிந்தாலும், இந்தியாவிலேயே வாழப்போகிறவர் என்ற நம்பிக்கை அங்கே ஆட்டம் காணும். கூப்பிட்ட நாளில் கோலாலம்பூரிலிருந்து வர முடியாமல் போனால் கோப்பு அப்படியே கிடக்கும். எவ்வளவு காலத்தில் முடியும் என்று யாரும் உறுதி தர முடியாது, ஆண்டுக்கணக்கில் இழுத்தவை உண்டு. அதுவரை உங்கள் விசாவும் வசிப்பிட அனுமதியும் ஒரு நாள்கூடக் காலாவதி ஆகக் கூடாது. விசா தாண்டித் தங்கியவர் சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறைக்குள் போய்விடுவார், அவருக்கு இந்த வழியே அடைபட்டுவிடும்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் உங்கள் பகுதிக்காரர்களுக்கு மட்டும் வரும் ஒரு தலைவலி இருக்கிறது. திருவொற்றியூர் 2011-இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது, ஆனால் வருவாய்க் கணக்கில் 2018 வரை திருவள்ளூர் மாவட்டம். உங்கள் 2016 திருமணச் சான்றிதழிலும் 2017 வசிப்பிட அனுமதியிலும் திருவள்ளூர் என்று இருக்கும், புதிய ஆவணங்களில் சென்னை. வீடு மாறவில்லை, மாவட்டம்தான் மாறியது என்று கணவரின் பெயரில் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, பழைய வாடகை ஒப்பந்தம் அல்லது சொத்து வரி ரசீதோடு முன்கூட்டியே இணைத்துவிடுங்கள். கேட்டபிறகு தேடினால் ஒரு மாதம் போய்விடும்.

பெயரிலும் இதே கதை. மலேசியப் பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர், ஏ/பி ('மகள்' என்பதற்கான மலாய்ச் சுருக்கம்), அப்பா பெயர் என்று இருக்கும். இங்கே திருமணச் சான்றிதழில் கணவர் பெயரைச் சேர்த்திருப்பார்கள், ஆதாரில் வெறும் இனிஷியல் இருக்கும். படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள், மற்றவை எல்லாம் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று பிரமாணப் பத்திரம் வையுங்கள். ஆதார் வைத்திருப்பதில் தவறில்லை, இங்கே 182 நாளாவது தங்கிய வெளிநாட்டவரும் எடுக்கலாம். ஆனால் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வட்டத்துக்காரர் யாராவது நல்லெண்ணத்தில் குடும்பம் முழுக்கச் சேர்த்துவிட்டிருப்பார். குடிமகள் அல்லாதவர் பெயர் அங்கே இருந்தால் மனுவுக்கு அதைவிடக் கேடு வேறில்லை. இருந்தால் நீங்களாகவே எழுதிக் கொடுத்து நீக்குங்கள், ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள்.

விசாரணை எல்லாம் சாதகமாக முடிந்தால் அமைச்சகத்திடமிருந்து ஏற்புக் கடிதம் வரும். கையில் கிடைப்பது குடியுரிமை அல்ல, நிபந்தனைக் கடிதம். மலேசியக் குடியுரிமையைத் துறந்ததற்கான சான்றைக் கொடுத்து, கட்டணம் கட்டி, விசுவாச உறுதிமொழியில் கையெழுத்திட்டபின்தான் பதிவுச் சான்றிதழ். பதிவான நாளிலிருந்துதான் நீங்கள் இந்தியர். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. மலேசிய அரசியலமைப்பின் 23-ஆவது ஷரத்து, 21 வயது முடிந்தவர் வேறு நாட்டுக் குடிமகன் ஆகப்போகிறார் என்றால் துறக்க அனுமதிக்கிறது. சென்னையில் உள்ள மலேசியத் துணைத் தூதரகத்தில் படிவம் 'கே' கொடுத்து, பாஸ்போர்ட்டையும் மைகார்டு என்ற மலேசிய அடையாள அட்டையையும் ஒப்படைக்க வேண்டும். அது மலேசியாவின் நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயாவில் பதிவாகித் திரும்பி வர மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் உங்கள் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இருக்காது. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால்கூடப் போக முடியாது. நாத்தனார் சொன்னபடி நீங்கள் கோலாலம்பூரில் வேலையில் இருக்கும்போது ஏற்புக் கடிதம் வந்தால், அங்கேயே குடியுரிமையைத் துறந்துவிட்டு அங்கே எந்த அந்தஸ்தில் உட்கார்ந்திருப்பீர்கள்? ஏற்புக் கடிதத்துக்குப் பதில் சொல்லாமல் ஒப்பந்தம் முடியும்வரை தள்ளிப்போடுவதும் நடக்காது.

ஒருவேளை குடியுரிமை கிடைத்தபிறகு அதே வேலைக்குப் போகலாம் என்று நினைத்தால், அப்போது நீங்கள் மலேசியாவுக்கு வெளிநாட்டவர். நிறுவனம் உங்களுக்காக வேலை அனுமதி வாங்க வேண்டும். இன்று அவர்கள் உங்களைக் கூப்பிடுவதில் பாதி காரணமே அந்தச் செலவும் அலைச்சலும் இல்லை என்பதாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

ஆக, வேலையும் மனுவும் ஒரே நேரத்தில் ஒட்டாது. என் யோசனை ஓ.சி.ஐ. அட்டை, அதாவது 'வெளிநாட்டுவாழ் இந்தியக் குடிமகன்' என்ற பெயரில் அரசு தரும் அட்டை. பெயர்தான் அப்படி, அது குடியுரிமை இல்லை. இந்தியக் குடிமகனை மணந்த வெளிநாட்டவர், பதிவான திருமணம் இரண்டு ஆண்டு தொடர்ந்து நிலைத்திருந்தால் விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு எப்போதோ தகுதி வந்துவிட்டது. கோயில் ரசீது மட்டும் வைத்திருப்பவர்கள் இங்கே சறுக்குவார்கள், நீங்கள் அதே மாதம் பதிந்தது நல்லதாகப் போயிற்று. ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவன் வளாகத்தில் உள்ள வெளிநாட்டவர் மண்டலப் பதிவு அலுவலகம்தான் இடம். இந்தியாவுக்குள் விண்ணப்பித்தால் கட்டணம் 15,000 ரூபாய். கணவன் மனைவி இருவரையும் விசாரிப்பார்கள், பாதுகாப்புச் சோதனையும் உண்டு. அதனால் ஆகஸ்ட் வரை இழுக்காமல் இப்போதே போடுங்கள். கிடைத்துவிட்டால் ஆயுள் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம் போகலாம், விசா நீட்டிப்பு, பதிவு அலுவலக வரிசை எல்லாம் முடிந்தது. இங்கேயே வேலைக்கும் போகலாம். ஓட்டு இல்லை, அரசு வேலை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. இந்த மூன்றும் உங்களுக்கு உடனடித் தேவையா என்று யோசியுங்கள்.

ஓ.சி.ஐ. வழியாகவும் குடியுரிமைக்கு ஒரு பாதை இருக்கிறது. அட்டை பதிவாகி 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், மனுவுக்கு முந்தைய 12 மாதம் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த 5 ஆண்டும் இங்கேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்கள் கோலாலம்பூரில் இருக்கும் 18 மாதமும் அந்தக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். 2026-க்குள் அட்டை வந்தால் 2031-இல் மனுப் போடலாம். மனைவி என்ற முறையில் போகும் பாதை 2029 நவம்பரில் திறப்பதால், கணக்கில் அது முந்துகிறது. ஆனால் அதில் நடுவே ஒரு நாள் கூடினாலும் தேதி நகரும். ஓ.சி.ஐ. பாதையில் மனுவுக்கு முந்தைய அந்த 12 மாதம் தொடங்கும்வரை நிம்மதியாகப் போய் வரலாம். வயதான தகப்பனார் கிள்ளானில் இருக்கும்போது இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

இதில் இரண்டு எச்சரிக்கை. மனைவி என்ற முறையில் வாங்கிய ஓ.சி.ஐ., நீதிமன்றத்தில் திருமணம் முறிந்தால் ரத்தாகக்கூடியது. புதுப் பாஸ்போர்ட் வாங்கும் ஒவ்வொரு தடவையும் 3 மாதத்துக்குள் அதன் நகலையும் புகைப்படத்தையும், திருமணம் நீடிக்கிறது என்ற உறுதிமொழியையும் இணையத்தில் ஏற்ற வேண்டும். உங்கள் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ இங்கிருந்து கப்பலேறிப் போனவர் என்றால், அவருடைய பிறப்பு, நிலம் பற்றிய காகிதம் ஏதாவது ஊரில் கிடைக்குமா என்று தேடிப் பாருங்கள். வம்சாவளி மூலமாக ஓ.சி.ஐ. வாங்கினால் அது திருமணத்தைச் சார்ந்து நிற்காது. பேத்திக்கும் கொள்ளுப்பேத்திக்கும் தகுதி உண்டு. காகிதம்தான் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இல்லை, எனக்குக் குடியுரிமைதான் முக்கியம் என்றால், ஒப்பந்தத்தை விட்டுவிட்டு 2026 நவம்பர் 21-க்கு மேல் மனுப் போடுங்கள். அதுவரை எங்கும் போகாதீர்கள். போட்டபின் ஒரு வாரம், இரண்டு வாரம் போய் வருவதால் 12 மாதக் கணக்கு கெடாது. ஆட்சியர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போனால் போதும். நிறுவனம் டிசம்பருக்கு மேல் சில வாரப் பயணங்களாக வேலையைப் பிரித்துக்கொள்ளச் சம்மதித்தால் அதையும் பார்க்கலாம். ஆனால் மீதி நாள்களில் காலடிப்பேட்டை வீட்டிலிருந்து அந்த வேலையைச் செய்ய என்ட்ரி விசாவின் நிபந்தனை இடம் தருகிறதா என்று எழுத்தில் கேட்டுத் தெளிந்தபிறகு.

கடைசியாக, குடிமகள் ஆனபிறகு நீண்ட காலம் வெளிநாட்டில் வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் சட்டத்தின் 10-ஆம் பிரிவு உங்களையும் தொடும். திருமணத்தின் அடிப்படையில் பதிவானவர் தொடர்ந்து 7 ஆண்டு இந்தியாவுக்கு வெளியே குடியிருந்தால், அரசு அவர் குடியுரிமையைப் பறிக்க நடவடிக்கை எடுக்கலாம். மாணவராகவோ, இந்திய அரசுப் பணியிலோ, இந்தியா அங்கம் வகிக்கும் சர்வதேச அமைப்பிலோ இருந்தால் விலக்கு. மற்றவர்கள் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளும் எண்ணத்தை ஆண்டுதோறும் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பதிந்ததற்கான சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.